ஷேக்கர் அப்புறம், முதலில் அளவு

கேட்டரிங் டிப்ளமோ முடித்து தஞ்சாவூர் ஹோட்டல் பாரில் சேர்ந்திருக்கிறீர்கள். காக்டெயில் கற்கச் சென்னையில் பெருந்தொகை கட்டலாமா, போதை ஏறியவர் இன்னொரு பெக் கேட்டால் எப்படி மறுப்பது, இதுதானே கேள்வி?

தம்பி, பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். துவாக்குடி அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரியில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பாட்டிலைச் சுழற்றிப் பிடிக்கும் வித்தையை நம்ம ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை.

கை பழக டைக்கிரி என்ற எளிய ரம் காக்டெயில் போதும்: 60 மி.லி. வெள்ளை ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, சிறு கரண்டியில் இரண்டு சர்க்கரை. ரம்முக்குப் பதில் தண்ணீரை ஊற்றி அளக்கவும் குலுக்கவும் பழகலாம். புளிப்பும் இனிப்பும் சேரும் இடத்தை நாக்குக்குப் பழக்க, நன்னாரி சர்பத்தில் எலுமிச்சையைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஐஸ் பெரிய கட்டியாக இருக்கட்டும். நம்ம வெயிலுக்குத் தூள் ஐஸ் நொடியில் கரைந்து பானத்தைக் கெடுத்துவிடும்.

மறுப்பதுதான் கடினம். 42.8 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். அது உடலை விட்டு இறங்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மோரும் காபியும் அதை வேகப்படுத்தாது. வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். நண்பர்கள் முன்னால் "உங்களுக்கு ஏறிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், சண்டை வரும். தண்ணீரும் சாப்பாடும் முதலில் போகட்டும். பிறகு அருகில் போய், "அண்ணே, இன்னைக்கு இது போதும், ஆட்டோ சொல்லட்டுமா?" என்று தணிந்து கேளுங்கள். மேனேஜரிடம் முன்பே பேசி வையுங்கள். அவர் உங்கள் பக்கம் நிற்காவிட்டால் வேறு பார் பாருங்கள். 21 வயது ஆகாதவர் என்று சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்கத் தயங்காதீர்கள்.