பார்சலில் இன்னொரு பெயர்

அன்புள்ள ஐயா,

என் தம்பி பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரியாக வேறு நாட்டில் இருக்கிறான். வயது 19. போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் அவன் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. அம்மா இப்போதே அழ ஆரம்பித்துவிட்டார். பண்டிகை நாளில் அவன் என்ன செய்வான்? நான்கு நாள் லீவு கேட்டு வந்துபோக முடியாதா? அந்த வாரம் மட்டுமாவது நாங்கள் தினமும் கூப்பிட்டுப் பேசலாமா? குளிர் அதிகமாம், தாங்குவானா? பார்சலில் என்ன வைக்கலாம்? கூடத் தங்கியிருக்கும் பையன் அதிகம் பேசமாட்டானாம், ஒரு மாதிரியாம். தம்பி அங்கே தனியாகத்தான் கிடப்பான் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு அக்கா

அன்புள்ள சகோதரி,

பண்டிகைப் பார்சல்களைப் பற்றி எழுதவேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் இன்றே உட்கார வைத்துவிட்டன. அவற்றுக்கு வருகிறேன். முதலில் மற்றவை.

லீவு கிடையாது. ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம், இடையில் வீட்டுக்கு வந்துபோகும் வழக்கமில்லை. உங்கள் தம்பிக்கு இரண்டு கிறிஸ்துமஸ் வெளியில்தான். (18 மாதம் போகும் பெண்களுக்கு இது கிளம்பும் மாதத்தைப் பொறுத்தது. ஜனவரியிலிருந்து மே வரை கிளம்பினால் ஒன்று, ஜூலையிலிருந்து கிளம்பினால் இரண்டு. வீட்டில் யாராவது அடுத்துப் போவதாக இருந்தால் அம்மாவிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.) குளிருக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் கிளம்பும் முன்பே கையில் கொடுக்கப்படும். அதைப் பார்த்து வாங்கியிருந்தால் தாங்குவான்.

தினமும் கூப்பிடாதீர்கள். 2019 பிப்ரவரி வரை, பொதுவாகக் கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் மட்டும்தான் வீட்டாரின் குரல் கேட்கும் நாட்கள். மற்ற வாரங்களில் மின்னஞ்சலும் கடிதமும். இப்போது வாரத்துக்கு ஒருமுறை ஆயத்த நாளில் (துணி துவைப்பது, கடைக்குப் போவது போன்ற சொந்த வேலைகளுக்கான நாள்) பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். கிறிஸ்துமஸ், பெற்றோரின் பிறந்தநாள் போன்ற நாட்களில் கூடுதலாகவும் பேசலாம். ஆனால் அழைப்பு அவனிடமிருந்து வரவேண்டும். நீங்கள் நினைத்த நேரத்தில் கூப்பிட்டால், யாரோ ஒருவர் வீட்டில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது அவன் பையில் மணி அடிக்கும்.

பண்டிகை நாளில் என்ன செய்வான் என்று கேட்டீர்கள். காலை 6.30 வாக்கில் எழுவது, உடற்பயிற்சி, வேதம் படிப்பது, அன்றைய திட்டம் போடுவது, இரவு 10.30க்குள் படுப்பது என்ற அமைப்பு அன்றும் பெரிதாகக் குலையாது. குலைவது நடுப்பகுதி. பண்டிகையன்று முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டினால் யாருக்கும் பிடிக்காது. மிஷனரிகளிடம் வேதப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, அனுமதி வாங்கி முதியோர் இல்லத்தில் பாடுவது, யாருக்காவது வீட்டு வேலையில் கைகொடுப்பது என்று பகல் போகும். 25ஆம் தேதி சாப்பாட்டுக்குச் சபைக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். அதற்குச் சில நாள் முன்பு அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் தம்பதி எல்லோரையும் கூட்டி விருந்து வைத்து, வந்திருக்கும் பார்சல்களைக் கையில் கொடுப்பதும் பல மிஷன்களில் உண்டு. ஆகவே 25ஐ நினைத்து அம்மா அழவேண்டாம். கடினம் 26லிருந்து 31 வரை. விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் அசந்து தூங்குவார்கள், சந்திப்புகள் ஒவ்வொன்றாக ரத்தாகும், கடைகளும் பேருந்துகளும் அரைகுறையாக இயங்கும். 23ஆம் தேதியே ஐந்து நாளுக்கான சாமான் வாங்கி வைக்காத மிஷனரிகள் அந்த வாரம் ரொட்டியையே தின்பார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்துத் தெருவிலேயே இரண்டு மாற்றுச் சந்திப்புகளைக் குறித்து வைக்காதவர்கள் பாதி நாள் நடந்தே கழிப்பார்கள். வீட்டு நினைப்பு வருவது அந்த நடையில்தான்.

இனி அந்த இரண்டு வரிகள்.

"தனியாகத்தான் கிடப்பான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊழியத்தில் தனிமைக்கு இடமே இல்லை. குளியலறை, தலைவருடனான நேர்காணல் போன்ற சிலவற்றைத் தவிர, கம்பானியன், அதாவது கூடவே தங்கி ஊழியம் செய்யும் ஜோடி மிஷனரி, எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. உங்கள் தம்பி வீட்டாருடன் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அதே அறையில் இன்னொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். இதை ஏன் மறந்தீர்கள்? கடிதம் முழுக்க உங்கள் அம்மா, உங்கள் தம்பி, உங்கள் மனசு. அவனுக்கு ஒரே ஒரு இடம் கொடுத்தீர்கள், அதுவும் "ஒரு மாதிரி" என்ற சொல்லோடு. கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது தப்பு.

கம்பானியனை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மிஷன் தலைவர் சேர்த்து வைக்கிறார். பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும். ஆள் மாறலாம், ஊரும் மாறலாம். அந்த ஆறு வாரக் கணக்கு டிசம்பர் நடுவில் விழுந்தால், அறிமுகமே இல்லாத இருவர் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிறிஸ்துமஸுக்குள் நுழைவார்கள். அவன் பேசாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தாய்மொழி வேறாக இருந்து, இருவருக்கும் பொதுவான மொழியில் அவன் இன்னும் தட்டுத்தடுமாறலாம். குடும்பத்தில் அவன் ஒருவன் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவனாக இருக்கலாம். அப்படிப்பட்ட பையன்கள் சிலருக்குக் கிறிஸ்துமஸன்று வீட்டிலிருந்து எந்த முகமும் திரையில் வராது. உங்கள் வீட்டில் பதினைந்து பேர் கூடி நின்று கைகாட்டும் சத்தம் மட்டும் காதில் விழும். எழுந்து வெளியேயும் போகமுடியாது. விதி விடாது.

அதனால் பார்சலை இப்படிக் கட்டுங்கள்.

ஒரே பெரிய பரிசு வேண்டாம். உள்ளங்கையளவில் பன்னிரண்டு சிறு பொட்டலங்கள். 26லிருந்து 31 வரை ஆறு நாள், நாளுக்கு ஆளுக்கொன்று. ஆறில் தம்பி பெயர், ஆறில் கம்பானியன் பெயர், ஒவ்வொன்றிலும் தேதி. இருவருக்கும் ஒரே பொருள், ஒரே காகிதம். தம்பிக்கு நல்லதாகவும் அவனுக்கு ஒப்புக்கும் வைத்தால் முதல் நாளே தெரிந்துவிடும், அதற்கு ஒன்றுமே வைக்காமல் இருப்பது மேல். உள்ளே என்ன வைப்பது என்றால், தேய்ந்து தீர்ந்துபோகும் பொருட்கள். அடர்நிறத்தில் தடிமனான காலுறை நல்லது, நாளெல்லாம் நடப்பவர்களுக்கு முதலில் கிழிவது அதுதான். நல்ல பேனா, சிறு குறிப்பேடு, உதட்டுக்குத் தடவும் களிம்பு. ஒவ்வொரு டிரான்ஸ்பரிலும் எல்லாவற்றையும் பெட்டியில் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதால் அலங்காரப் பொருட்களும் கனமான புத்தகங்களும் சுமை. தம்பியுடைய பொட்டலம் ஒன்றில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனுடைய பொட்டலம் ஒன்றிலும் அம்மா நான்கு வரி எழுதட்டும், அவன் படிக்கக்கூடிய மொழியில்.

அவன் பெயரை எழுதும்போது எச்சரிக்கை. சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் பெயராக எல்டர் (ஆண் மிஷனரிகளை அழைக்கும் பட்டம்) என்பதோடு குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். எழுத்துப் பிழையில்லாமல் தம்பியிடம் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்பரில் ஆள் மாறிவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். பொட்டலத்தில் பெயரை ஒட்டாமல் சிறு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள், நான்கைந்து வெற்று அட்டைகளும் உள்ளே வையுங்கள். தம்பி மாற்றிக்கொள்வான்.

முகவரி, தம்பி தங்கும் அறை அல்ல, மிஷன் அலுவலகம். அறைக்கு அனுப்பிய பார்சல் வந்து சேர்வதற்குள் அவன் ஊர் மாறியிருப்பான். வேறொருவர் வாசலில் அது கிடக்கும். சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று ஒற்றைச் சொல் எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள், தாமதமாகும். காலுறை 12 ஜோடி, பேனா 2 என்று எண்ணிக்கையோடு, உண்மையான மதிப்போடு எழுதுங்கள். பவர்பேங்க், வாசனைத் திரவியம், ஸ்பிரே எதுவும் கூடாது, விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வீட்டில் செய்த தின்பண்டம் அனுப்ப அம்மா ஆசைப்படுவார். பாலும் இறைச்சியும் சேர்ந்ததைப் பல நாடுகள் எல்லையிலேயே எடுத்து எறிந்துவிடும், லேபிள் இல்லாததைச் சந்தேகிக்கும். அந்த நாட்டு விதியைப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைக்கவேண்டாம். மேலட்டை கிழிந்தால் உதவ, முகவரியும் பொருள் பட்டியலும் எழுதிய தாள் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயும் போடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். இப்போதே கொஞ்சம் தாமதம்தான்.

வீடியோ அழைப்பிலும் இதே கணக்கு. எல்லா வீட்டிலும் நடப்பது என்னவென்றால், பதினைந்து பேர் ஒரே போனுக்குள் தலையை நீட்டுவார்கள், யார் பேசுவதும் கேட்காது, கடைசி ஐந்து நிமிடம் அம்மாவிடம் போன் வரும், அவர் அழுவார், நேரம் முடியும். அழுத முகத்தோடு துண்டிக்கப்பட்ட பையன் அன்று மாலை இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு உட்காரவேண்டும். ஆகவே முதலில் அம்மாவும் அப்பாவும் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிடம். அழுகை அதில் வரட்டும், போகட்டும். பிறகு மற்றவர்கள், இரண்டிரண்டு பேராக. அம்மா பேசத் தொடங்கும் முன், முதல் மூன்று நிமிடம் கம்பானியனைத் திரைக்குக் கூப்பிடுங்கள். கடைசியில் கூப்பிட்டால் அது விடைபெறும் மரியாதை மட்டும்தான். அவனிடம் வீட்டைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். அன்று யாரைப் பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இருவரில் யார் நன்றாகச் சமைப்பது என்று கேளுங்கள். "பாவம்" என்ற சொல் அன்று உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. மொழி புரியாவிட்டாலும் அந்தத் தொனி புரியும்.

கம்பானியனின் வீட்டார் பேசுவதாக இருந்தால் அந்த நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு உங்கள் நேரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவன் பேசும்போது மற்றவன் அங்கேயே இருந்தாகவேண்டும் என்பதால் இரண்டு நேரங்களும் மோதக்கூடாது. அவன் வீட்டு நேரமண்டலம் வேறாக இருந்தால் ஒருவருக்கு விடியற்காலை, ஒருவருக்கு இரவு என்று ஆகும். விடியற்காலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் தம்பி கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அந்தப் பையனின் பெயரைக் கேளுங்கள். எழுத்துக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அட்டைகளில் ஆறில் அதைத்தான் எழுதப்போகிறீர்கள்.

அன்புடன்.