ஆர்ஓஏ-வை அழிக்கவும் வேண்டாம், அகலமாகத் திறக்கவும் வேண்டாம்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் இரண்டு ஊர்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. சொந்த ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் எங்கள் வலையை அடையாளம் காட்டும் எண்) ஒரு /22 ஐபி பிளாக்கும் (1,024 முகவரிகள்) இருக்கின்றன. வெளியே இரண்டு அப்ஸ்ட்ரீம்களோடு (எங்களுக்கு இணையம் தரும் நிறுவனங்கள்) பிஜிபி (வலைகள் ஒன்றுக்கொன்று வழி அறிவிக்கும் முறை), உள்ளே ஓஎஸ்பிஎஃப் (எங்கள் ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை), பெரும்பாலும் மைக்ரோடிக் ரூட்டர்கள். /22-ஐ இரண்டு பக்கமும் அறிவிக்கிறோம். மாலையில் முதல் லைன் நிரம்பிவிடுவதால், /22-க்குள் இருக்கும் இரண்டு /24-களை (256 முகவரி கொண்ட சிறு துண்டுகள்) மட்டும் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வழியாகத் தனியாகவும் அறிவித்தோம். டிராஃபிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு அவர்களே மெயில் அனுப்பினார்கள்: உங்கள் /24 இரண்டும் ஆர்பிகேஐ-யில் (எந்த பிளாக்கை யார் அறிவிக்கலாம் என்று சரிபார்க்கும் முறை) இன்வேலிட் என்று. ஆர்ஓஏ-வை, அதாவது எங்கள் பிளாக்கை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று அதில் நாங்கள் போட்ட பதிவை, எடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் எங்கள் டீமில் ஒருவர். அந்தப் பதிவு அனுமதிக்கும் மிகச் சிறிய துண்டின் அளவான மேக்ஸ் லெங்த்தை 24 ஆக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி சார்? உள்ளே ஓடும் ஓஎஸ்பிஎஃப்-க்கும் பாஸ்வேர்ட் வேண்டுமா? அதிகம் செலவு செய்ய முடியாது. எதில் தொடங்குவது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் செய்யாதீர்கள். முகவரி வாங்கிய பதிவகத்தின் கணக்கில், அது இந்தியாவின் ஐஆர்ஐஎன்என் ஆனாலும் ஆசிய-பசிபிக்கின் ஏப்னிக் ஆனாலும், உள்ளே போய் இரண்டு புதிய ஆர்ஓஏ சேருங்கள். அறிவிக்கும் ஒவ்வொரு /24-க்கும் ஒன்று, மேக்ஸ் லெங்த் 24, அதே ஏஎஸ் எண். பழைய /22 பதிவு அப்படியே இருக்கட்டும். உலகம் முழுக்கப் பரவச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ரைப்ஸ்டாட் என்ற இணையப் பக்கத்தில் உங்கள் /24-ஐப் போட்டு, வேலிட் என்று வந்ததைப் பார்த்த பிறகு அறிவிப்பைத் தொடருங்கள். இனி எப்போதும் இந்த வரிசைதான்: முதலில் ஆர்ஓஏ, அப்புறம் அறிவிப்பு. அப்ஸ்ட்ரீம் ரூட் ஆப்ஜெக்ட்டை (எந்த பிளாக் எந்த ஏஎஸ்ஸிலிருந்து வரும் என்று சொல்லும் இன்னொரு வகைப் பதிவு) பார்த்து ஃபில்டர் போடுபவர் என்றால், /24-களுக்கும் ரூட் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். நீங்கள் பதிந்திருந்த ஆர்ஓஏ, "இந்த /22 எங்கள் ஏஎஸ்ஸிலிருந்து வரும், அதைவிடச் சிறிய துண்டாக வராது" என்று சொன்னது. நீங்களே சிறிய துண்டை அனுப்பினீர்கள். இரண்டாவது அப்ஸ்ட்ரீம் உங்கள் சொல்லையே நம்பி உங்கள் அறிவிப்பைத் தள்ளிவிட்டது. /22 உயிரோடு இருந்ததால் வாடிக்கையாளர் யாருக்கும் இணைப்பு போகவில்லை. டிராஃபிக் பழைய வழியிலேயே முதல் லைனில் வந்து குவிந்தது. ஒரு வகையில் நல்ல செய்தி இது. அந்த அப்ஸ்ட்ரீம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அவர்களை விட்டுவிடாதீர்கள்.

சரி, ஆர்ஓஏ-வை அழித்தால் என்ன ஆகும்? /24 இரண்டும் இன்வேலிட் என்ற நிலையிலிருந்து பதிவே இல்லாத நிலைக்குப் போகும். பதிவு இல்லாததை எல்லோரும் ஏற்றுக்கொள்வதால் டிராஃபிக் உடனே திரும்பும், பிரச்சினை தீர்ந்தது போலவே தெரியும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பிளாக்கை உலகில் வேறு யார் அறிவித்தாலும் அதுவும் "பதிவு இல்லாதது" என்ற பெயரில் உள்ளே போய்விடும்.

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகூட உங்களுடையதுதான். யூடியூப் ஒரு /22 அறிவித்துக்கொண்டிருந்தது. யூடியூபைத் தடுக்கச் சொல்லி பாகிஸ்தான் அரசு உத்தரவிட, பாகிஸ்தான் டெலிகாம் அந்த /22-க்குள் இருந்த ஒரு /24-ஐத் தன் வலைக்குள் திருப்பிவிட்டது. உள்ளேயே நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. அதன் அப்ஸ்ட்ரீமான ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ ஃபில்டர் இல்லாமல் அதை உலகத்துக்குக் கடத்திவிட்டது. ரூட்டருக்கு ஒரே விதிதான்: இரண்டு வழி இருந்தால், துல்லியமான, சிறிய பிளாக்கைச் சொல்லும் வழியில் அனுப்பு. யூடியூபின் /22 தோற்றது, பாகிஸ்தானின் /24 ஜெயித்தது. யூடியூப் தானும் /24 அறிவித்து, பிறகு /25-களாக உடைத்து அறிவித்துப் போராட வேண்டியிருந்தது. இயல்பு நிலை திரும்பச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. இன்று யூடியூபுக்கு ஆர்ஓஏ இருந்து, நடுவில் இருப்பவர்களும் சரிபார்த்தால், அந்த /24 முதல் எல்லையிலேயே விழுந்துவிடும்.

மேக்ஸ் லெங்த்தை 24 ஆக்கும் யோசனையில்தான் எனக்கு அதிகக் கவலை. அது வேலை செய்யும் என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆர்ஓஏ என்பது பட்டா மாதிரி. நிலம் யார் பெயரில் என்று காட்டும், அந்த நிலத்துக்குப் போகும் வழியில் யார் நிற்கிறார்கள் என்று காட்டாது. பிஜிபி அறிவிப்பில் கடைசியாக இருக்கும் ஏஎஸ் எண்ணை மட்டுமே ஆர்ஓஏ ஒப்பிடும். திருடன் தன் எண்ணுக்குப் பின்னால் உங்கள் எண்ணைப் போலியாக ஒட்டி அனுப்பினால், தோற்றம் நீங்கள்தான் என்றாகிவிடும். அப்போது கேள்வி இதுதான்: அவன் எந்த அளவுத் துண்டை அறிவிப்பான்?

மேக்ஸ் லெங்த் 24 என்று எழுதிவிட்டால், உங்கள் /22-க்குள் இருக்கும் நான்கு /24-களில் எதை வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அறிவிக்கலாம், எல்லாம் வேலிட். நீங்கள் அறிவிக்காத இரண்டு /24-களில் அவனுக்குப் போட்டியே கிடையாது. துல்லியமான வழி அவனிடம் மட்டுமே இருக்கும், உலகம் முழுவதும் அவன் பக்கம் திரும்பும். நான் சொன்னபடி தனித்தனியாகப் பதிந்தால், அறிவிக்காத இரண்டு துண்டுகளும் யார் பெயரில் வந்தாலும் இன்வேலிட். அறிவிக்கும் இரண்டில் அவன் உங்களோடு சம அளவில் போட்டி போட வேண்டும். நடுவில் ஒரு ஏஎஸ் கூடுதலாக இருப்பதால் அவன் பாதை பெரும்பாலும் நீளமாகவே இருக்கும், உலகத்தின் ஒரு பகுதியைத்தான் அவனால் இழுக்க முடியும்.

2022 ஆகஸ்டில் செலர் பிரிட்ஜ் என்ற கிரிப்டோ சேவையின் வாடிக்கையாளர்களிடம் இதே வழியில்தான் திருடினார்கள். அமேசானின் பெரிய பிளாக்குக்குள் இருந்த ஒரு /24-ஐ, அமேசானின் ஏஎஸ் எண்ணையே பாதையின் கடைசியில் ஒட்டி அறிவித்தார்கள். /24 வரை அனுமதித்த ஆர்ஓஏ இருந்ததால் சோதனையில் அது வேலிட் ஆனது. சுமார் 2.35 லட்சம் டாலர் போனது. மேக்ஸ் லெங்த்தைத் தளர்த்த வேண்டாம் என்றே 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9319 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அறிவுறுத்துகிறது.

அந்தப் பதிவகக் கணக்கையும் பூட்டி வையுங்கள். 2024 ஜனவரி 3 அன்று ஆரஞ்சு நிறுவனத்தின் ஸ்பெயின் பிரிவுக்கு இணையத்தின் பெரும்பகுதி சில மணி நேரம் நின்றது. ரூட்டரை யாரும் தொடவில்லை. ஐரோப்பாவின் ரைப் பதிவகத்தில் இருந்த அவர்களுடைய கணக்கின் பாஸ்வேர்ட் மிக எளிதானது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. உள்ளே புகுந்தவர் தவறான ஆர்ஓஏ-க்களைப் போட, நிறுவனத்தின் உண்மையான அறிவிப்புகள் இன்வேலிட் ஆகி உலகம் அவற்றைத் தள்ளியது. உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது? வேலையை விட்டுப் போனவர் யாராவது அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? ஒரு காசும் செலவில்லாத வேலை, இன்றே முடித்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர் எவருக்கும் நான் முதலில் சொல்வது: வெளியே போகும் பக்கத்து ஃபில்டர். ஒரு அப்ஸ்ட்ரீமிடமிருந்து கற்ற வழிகளை இன்னொரு அப்ஸ்ட்ரீமுக்குத் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதுதான் நடந்தது. அலெகனி டெக்னாலஜீஸ் என்ற உலோக நிறுவனத்துக்கு இரண்டு இணைப்புகள். ஒன்றில் வந்த ஆயிரக்கணக்கான சிறுதுண்டு வழிகள் இன்னொன்றான வெரைசன் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கசிந்தன. வெரைசன் கேள்வி கேட்காமல் உலகத்துக்குப் பரப்பியது. இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் மட்டும் தன் டிராஃபிக்கில் சுமார் 15 சதவீதத்தை இழந்தது. அலெகனி யாரையும் தாக்க நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஏற்றுமதி ஃபில்டரில் உங்கள் /22, அந்த இரண்டு /24, இவ்வளவுதான் அனுமதி. கடைசி வரியில் மற்றவை அனைத்தும் மறுப்பு. பழைய ரூட்டர்கள் பல, ஃபில்டர் எழுதாவிட்டால் தெரிந்ததையெல்லாம் அனுப்பிவிடும். உள்ளே வரும் பக்கத்தில் உங்கள் சொந்த பிளாக், 10.0.0.0/8 போன்ற தனியார் முகவரிகள், /24-ஐவிடச் சிறிய துண்டுகள் மூன்றையும் தள்ளுங்கள். அப்ஸ்ட்ரீம் ஒத்துக்கொண்டால் பிஜிபி செஷனுக்கு எம்டி5 பாஸ்வேர்டும் (ஒவ்வொரு பாக்கெட்டிலும் ரகசிய முத்திரை வைப்பது), டிடிஎல் 255 சோதனையும் (தூரத்திலிருந்து வரும் போலி பாக்கெட்டைத் தள்ளுவது) போடுங்கள். இரண்டும் அப்புறம் செய்யலாம்.

ஓஎஸ்பிஎஃப்-க்கு பாஸ்வேர்ட் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிப் பெட்டியில் இருக்கும் உங்கள் ஸ்விட்ச்சில், வாடிக்கையாளர் போர்ட் ஒன்றில் லேப்டாப்பைச் செருகி, வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து பாருங்கள். பத்து வினாடிக்கு ஒருமுறை, ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்களின் பொது முகவரியான 224.0.0.5-க்கு ஒரு ஹலோ பாக்கெட் வந்தால், உங்கள் உள்வலை அந்த வீட்டுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறது. ஏரியா எண், நெட்மாஸ்க், ஹலோ இடைவெளி, 40 வினாடி டெட் நேரம் (அவ்வளவு நேரம் ஹலோ வராவிட்டால் பக்கத்து ரூட்டர் போய்விட்டதாக எண்ணும் அளவு), பக்கத்து ரூட்டராகச் சேரத் தேவையான எல்லாமே அதற்குள் இருக்கும். எளிய பாஸ்வேர்ட் வகையைப் போட்டிருந்தால் அதுவும் எழுத்து எழுத்தாகத் தெரியும். அந்த லேப்டாப்பில் எஃப்ஆர்ஆர் போன்ற இலவச மென்பொருளை ஓட்டி இதே எண்களைக் கொடுத்தால், ஒரு நிமிடத்துக்குள் அதுவும் உங்கள் ரூட்டர்களில் ஒன்றாகிவிடும். பிறகு இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை ஒரு /32-ஆக (ஒற்றை முகவரியாக) அறிவித்தால் போதும். யூடியூபை வீழ்த்திய அதே விதிப்படி, இரண்டு ஊரின் டிஎன்எஸ் கேள்விகளும் அந்த வீட்டுக்குப் போகும்.

இது பெரும்பாலும் ஒரு வரியால் வருவது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நெட்வொர்க் 0.0.0.0/0 எனப் போட்டு எல்லா இண்டர்ஃபேஸிலும் ஓஎஸ்பிஎஃப்-ஐத் திறந்துவிடுவார்கள். பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ரூட்டருக்கு ரூட்டர் போகும் லிங்க்குகளில் மட்டும் ஓஎஸ்பிஎஃப் பேசட்டும், மற்ற எல்லாமே பாசிவ் (ஹலோ அனுப்பாது, ஏற்காது). வாடிக்கையாளர் போர்ட்டில், ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் ஐபி புரோட்டோகால் 89-ஐ ஃபயர்வாலில் மறித்தும் விடுங்கள். அதன் பிறகு லிங்க்குகளுக்குச் சாவி, அதாவது நீங்கள் கேட்ட பாஸ்வேர்ட். மைக்ரோடிக்கின் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7-இல் எம்டி5-ஐவிட வலுவான எஸ்எச்ஏ-256 கிடைக்கிறது, 6-இல் எம்டி5 வரைதான். எம்டி5 பழையது என்பதற்காக வெறுமனே விட்டுவிடாதீர்கள், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். சாவியை மாற்றும்போது தூரத்து முனையில் முதலில் மாற்றுங்கள், உடனே இந்த முனையில். 40 வினாடிக்குள் முடித்தால் இணைப்பு அறுகாது. இரவு நேரத்தில், ஒவ்வொரு லிங்க்காக.

சாவி போட்ட ரூட்டரே ஒருவன் கைக்குப் போனால் சாவியும் கூடவே போகும். 2018-இல் மைக்ரோடிக்கின் நிர்வாகக் கருவியான வின்பாக்ஸில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. 8291 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால், லாகின் செய்யாமலே பயனர் பாஸ்வேர்ட் கோப்பைப் படிக்க முடிந்தது. ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. அப்டேட் செய்யாத ரூட்டர்கள் அதற்குப் பின் பல மாதங்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தன. வின்பாக்ஸ், எஸ்எஸ்எச், வெப் மூன்றையும் உங்கள் நிர்வாக முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

மற்றவர்களின் அறிவிப்புகளை நீங்களே ஆர்பிகேஐ-யில் சரிபார்க்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அப்ஸ்ட்ரீமிடம் டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லாவற்றையும் அனுப்பும் ஒற்றை வழி) மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இப்போதைக்கு விடுங்கள். சரிபார்க்க உங்களிடம் வழிகளே இல்லை. முழு டேபிள், அதாவது உலகின் எல்லா வழிகளையும் வாங்கினால், ரூட்டினேட்டர் போன்ற இலவச மென்பொருளை ஒரு சின்ன லினக்ஸ் மெஷினில் ஓட்டி, ரூட்டர்ஓஎஸ் 7-உடன் இணைக்கலாம். 6-இல் அந்த வசதி இல்லை. அப்போதும் டிஃபால்ட் ரூட்டைக் கூடவே வைத்திருந்தால், நீங்கள் தள்ளிய இன்வேலிட் முகவரிக்கான டிராஃபிக் அந்த டிஃபால்ட் வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். முதல் அப்ஸ்ட்ரீம் இன்வேலிட்டைத் தள்ளுகிறதா என்று ஒரு மெயில் போட்டுக் கேட்பது உங்களுக்கு இதைவிடப் பயன்.

ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி முறை) வைத்திருந்தால் இதெல்லாம் அங்கே தனியாகச் செய்ய வேண்டும். ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2-இல் போட்ட சாவி, ஐபிவி6-க்கான பதிப்பு 3-ஐக் காக்காது. பாசிவ் அமைப்பையும் அங்கே மறுபடி எழுத வேண்டும். ஆர்ஓஏ-வில் /32 பிளாக்குக்கு (ஐபிவி6-இல் இது ஒற்றை முகவரி அல்ல, பெரிய பிளாக்) மேக்ஸ் லெங்த் 48 என்று போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால், ஏமாற்றுபவர் உங்கள் பெயரில் அறிவிக்கக்கூடிய /48 துண்டுகள் 65,536. அறிவிப்பது அந்த ஒரு /32 மட்டும்தான் என்றால் மேக்ஸ் லெங்த்தும் 32 ஆகவே இருக்கட்டும்.