போர்க்கள மேசை: இரண்டு யூனிட்டைக் கையில் வைத்திருங்கள்

படைகளை நடத்திப் போரிடும் கணினி விளையாட்டுகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: கம்ப்யூட்டரை ஜெயிக்க முடிகிறது, ஆளை ஜெயிக்க முடியவில்லை. நான் 2004-ல் வந்த 'ரோம்: டோட்டல் வார்' காலத்திலிருந்து ஆடுகிறேன். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதிவைத்த நோட்டு ஒன்று கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைப் புரட்டிக்கொண்டேதான் இந்தப் பதில்களை எழுதினேன்.

கே: 'டோட்டல் வார்: ரோம் 2'-ல் என் படைத் தேர்வு சரியாகத்தான் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஆன்லைனில் பத்துக்கு எட்டு ஆட்டம் தோல்வி. ஒரு ரீப்ளே (ஆட்டத்தின் பதிவு) அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்? (கல்லூரி மாணவர்)

ப: தம்பி, ரீப்ளேயை மூன்று தடவை பார்த்தேன். இரண்டு தடவை உங்கள் பக்கத்திலிருந்து, ஒரு தடவை எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைத்து. அந்த மூன்றாவது தடவையில்தான் விஷயம் புரிந்தது.

உங்களுக்கு இருபது யூனிட் (ஒன்றாக நகரும் வீரர் குழு), அவருக்கும் இருபது. ஆட்டம் தொடங்கியதும் மொத்தக் காலாட்படையையும் ஓட விட்டீர்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உங்கள் வீரர்கள் மோதும்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அவருடைய ஆட்கள் புத்தம் புதிதாக நின்றார்கள். மூன்றாவது நிமிடத்தில் உங்கள் இருபது யூனிட்டும் சண்டையில் இருக்கிறது. அவருடையதை எண்ணிப் பார்த்தேன்: பதினேழு. மீதி இரண்டு குதிரையும் ஒரு ஈட்டிப் படையும் இடப்பக்க மரங்களுக்குள் சும்மா நிற்கின்றன.

ஐந்தாவது நிமிடம் உங்கள் இடது ஓரத்து யூனிட்டின் கொடி வெள்ளையாக மின்ன ஆரம்பித்தது. மன உறுதி தளர்கிறது என்பதற்கான அடையாளம் அது. நீங்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் கேமரா வலது கோடியில், ஓடிப்போகும் சில கவண் வீரர்களைத் துரத்தும் உங்கள் குதிரைகள் மேல் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களுக்குள்ளிருந்து அந்த இரண்டு குதிரையும் கிளம்பின. முதல் யூனிட் ஓடியது, அதைப் பார்த்துப் பக்கத்து யூனிட் ஓடியது, அடுத்த நாற்பது வினாடியில் வரிசையே கலைந்துவிட்டது. உங்கள் வீரர்களில் பெரும்பாலோர் சாகவில்லை, பயந்துதான் ஓடினார்கள். இந்த விளையாட்டில் உயிரிழப்பை விட மன உறுதி போவதுதான் ஆட்டத்தை முடிக்கிறது. விலாவிலும் முதுகிலும் விழும் அடி, களைப்பு, ஜெனரலின் சாவு, பக்கத்தில் ஓடும் கூட்டாளி என எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

ஆக, உங்கள் தப்பு ஒன்றே ஒன்று: கையில் மிச்சம் எதுவும் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் பெரும்பாலும் நேராக வந்து மோதும், அதனால் மொத்தமாக இறக்கினாலும் பிழைத்துவிடலாம். மனிதன் காத்திருப்பான். முழுவதையும் முதலில் இறக்குகிறவர் அதற்குப் பிறகு வேடிக்கைதான் பார்க்க முடியும்.

கி.மு. 48-ல், ரோமின் உள்நாட்டுப் போரில், ஃபர்சாலஸ் களத்தில் பாம்பேயை எதிர்த்து சீசர் செய்ததைப் பாருங்கள். அவரே எழுதிவைத்த கணக்குப்படி அவரிடம் 22,000 பேர், பாம்பேயிடம் 45,000 பேர். குதிரையில் நிலைமை இன்னும் மோசம்: பாம்பேயிடம் 7,000, சீசரிடம் 1,000. அந்தக் குதிரைக்கூட்டம் தன் வலது விலாவைச் சுற்றி வரும் என்று தெரிந்ததும், மூன்றாவது வரிசையிலிருந்து சில கோஹார்ட்டுகளை (ரோமானியப் படைப்பிரிவுகளை) உருவி நான்காவதாக ஒரு வரிசை அமைத்துப் பின்னால் நிறுத்தினார். பாம்பேயின் குதிரைகள் சுற்றி வந்தபோது அந்த வரிசைதான் எழுந்து பாய்ந்து அவற்றை விரட்டியது, அப்படியே திரும்பி பாம்பேயின் இடது விலாவையும் பிடித்தது.

அதே போரில் உங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பாம்பே தன் ஆட்களை அசையாமல் நிற்கச் சொன்னார். சீசரின் ஆட்கள் இரண்டு மடங்கு தூரம் ஓடி வந்து களைத்துப்போவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தப் பழைய சிப்பாய்கள், எதிரி நகரவில்லை என்று பார்த்ததும் யாரும் சொல்லாமலேயே பாதி வழியில் நின்றார்கள், மூச்சு வாங்கினார்கள், அப்புறம்தான் பாய்ந்தார்கள். உங்கள் ரீப்ளேயில் நான் தேடிக் கிடைக்காதது அந்த நிறுத்தம்தான். நடத்திக் கூட்டிப் போங்கள், கடைசித் துண்டுத் தூரத்துக்கு மட்டும் ஓட விடுங்கள்.

அடுத்த பத்து ஆட்டத்துக்கு இப்படி ஆடிப் பாருங்கள். ஒரு குதிரை, ஒரு காலாள் என இரண்டு யூனிட்டை வரிசைக்குப் பின்னால் நிறுத்துங்கள். அவற்றுக்கு கன்ட்ரோல்-9 என்று தனி எண் கொடுங்கள், பிறகு 9-ஐ அழுத்தினால் அவை மட்டும் கைக்கு வரும். எந்தப் பக்கத்திலாவது முதல் வெள்ளைக் கொடி மின்னும் வரை அந்த எண்ணைத் தொடாதீர்கள். குதிரையை விடும்போது, ஏற்கெனவே சண்டையில் சிக்கியிருக்கும் எதிரியின் முதுகில் விடுங்கள். பாய்ச்சலின் பலம் முதல் சில வினாடிகளுக்குத்தான். அதற்குப் பிறகும் உள்ளேயே நிற்கும் குதிரை வீணாய்ச் சாகும். இழுத்து வெளியே கொண்டுவந்து, தூரம் கொடுத்து, மறுபடி பாய விடுங்கள். என் நோட்டில் "குதிரை எங்கே?" என்ற இரண்டு வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வரும். நெருக்கடி வந்தபோதெல்லாம் என் குதிரை எங்கோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

கே: எதிராளி நெடுவேல் வரிசையை நிறுத்திவிட்டால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. எவ்வளவு நல்ல வாள்வீரர்களை அனுப்பினாலும் கரைந்துபோகிறார்கள். (வாசகி ஒருவர்)

ப: முன்னால் அனுப்பினால் கரைந்துதான் போவார்கள். அந்த அணிவகுப்பு கட்டப்பட்டதே அதற்காகத்தான். அதன் பலவீனம் திரும்புவதில் இருக்கிறது. கி.மு. 197-ல் கைனோசெஃபாலி குன்றுகளில் மாசிடோனிய மன்னன் ஐந்தாம் ஃபிலிப்பின் வலது அணி ரோமானியர்களை மலைச்சரிவில் தள்ளிக்கொண்டே போனது. அவனுடைய இடது அணி ஒழுங்காக நிற்பதற்குள்ளேயே சிதறிவிட்டது. துரத்திக்கொண்டு போன ரோமானியர்களில் ஓர் அதிகாரி 20 மேனிபிள்களை (சிறு படைப்பிரிவுகளை) மட்டும் பிரித்து எடுத்து, ஜெயித்துக்கொண்டிருந்த அந்த வலது அணியின் முதுகில் கொண்டுபோய் இறக்கினார். நீண்ட வேலோடு நெருக்கமாக நிற்பவன் சட்டென்று பின்னால் திரும்ப முடியாது. போர் அங்கேயே முடிந்தது. போரின் போக்கையே மாற்றிய அந்த அதிகாரியின் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை.

உங்கள் ஆட்டத்தில், நெடுவேல் முன்னால் மலிவான ஈட்டிப் படையை நிறுத்துங்கள், அதுவும் பாய்வதற்கு அல்ல, பிடித்துவைப்பதற்கு. நல்ல வாள்வீரர்கள் ஓரத்துக்குப் போகட்டும். எறிவேல்காரர்கள் சுற்றிப் போய் முதுகில் எறியட்டும், கேடயம் பின்புறத்தைக் காக்காது. ஒரு எச்சரிக்கை: உங்கள் ஆட்கள் சண்டையில் இருக்கும் இடத்தின் மேல் பின்னாலிருந்து அம்பு விடாதீர்கள். பாதி அம்பு உங்கள் ஆட்களின் முதுகில்தான் இறங்கும்.

கே: 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-ல் என் குறுக்குவில் கூட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரே ஒரு கல்லெறி எந்திரம் வந்ததும் மொத்தமும் காலி. (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

ப: அந்தக் கல் கிளம்பும்போது குறிவைத்த இடத்துக்குத்தான் வரும், நகரும் ஆளைத் துரத்தி வராது. மெதுவாகவும் வரும். அதனால் எல்லா வில்லாளிகளும் ஒரே எண்ணில் இருக்கக் கூடாது. 1, 2 என்று இரண்டாகப் பிரித்துவைத்து, எந்திரத்தின் கை எழும்பியதும் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். கல் நடு மண்ணில் விழும். முதலில் பதற்றமாக இருக்கும், சில நாளில் விரல் பழகிவிடும்.

மேட்டை மறக்காதீர்கள். மேட்டிலிருந்து கீழே அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், கீழிருந்து மேலே அடித்தால் 25 சதவீதம் குறைவு. ஒரே எண்ணிக்கையில் இரு கூட்டம் மோதினால் இந்த வித்தியாசமே முடிவு செய்துவிடும். குதிரைவீரர்கள் வருகிறார்கள் என்றால் வில்லாளிகளுக்கு முன்னால் ஈட்டிக்காரர்களை நிறுத்துங்கள். ஒரு நைட்டுக்கு (கவசக் குதிரைவீரருக்கு) 60 உணவும் 75 தங்கமும் ஆகிறது, ஈட்டிக்காரருக்கு 35 உணவும் 25 மரமும் போதும். தங்கத்தை மரத்தால் அடிக்கிறீர்கள், தயங்கவே வேண்டாம்.

கே: இரண்டுக்கு இரண்டு ஆட்டத்தில் என் கூட்டாளி அவர் பக்கம் ஜெயித்துவிடுவார். நான் அதற்குள் அழிந்திருப்பேன். மைக்கில் "ஹெல்ப், ஹெல்ப்" என்று கத்துவதுதான் மிச்சம். (இரவில் ஆடும் வாசகர்)

ப: உங்கள் கூட்டாளிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கி.மு. 216, கன்னே. ரோமை எதிர்த்த கார்தேஜ் தளபதி ஹன்னிபாலின் நடுவரிசை மெல்லப் பின்வாங்கி ரோமானியர்களை உள்ளே இழுத்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தப் போரில் பிடித்த ஆள் இடப்பக்கக் குதிரைப்படையை நடத்திய ஹஸ்ட்ரூபால். தன் எதிரே நின்ற ரோமானியக் குதிரைகளை அவர் முறியடித்தார். அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். களத்தைப் பின்பக்கமாகக் குறுக்கே கடந்து, மறுகோடியில் ஹன்னிபாலின் நுமிடியக் குதிரைவீரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எதிரிக் குதிரைகள் மேல் வந்தார். அவை ஓடின. துரத்தும் வேலையை நுமிடியர்களிடம் விட்டுவிட்டு, மூன்றாவதாக ரோமானியக் காலாட்படையின் முதுகில் இறங்கினார். வட்டம் மூடியது அப்போதுதான்.

உங்கள் கூட்டாளி முதல் வேலையைச் செய்கிறார், இரண்டாவதைச் செய்வதில்லை. தன் பக்கத்து எதிரி ஓடியதும் கடைசி ஆள் வரை துரத்திக் கணக்கு ஏற்றுகிறார், அப்படித்தானே?

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. "ஹெல்ப்" என்ற சொல்லில் எந்தச் செய்தியும் இல்லை. எங்கே, எவ்வளவு நேரம் என்று இரண்டைச் சொல்லுங்கள்: "ஆற்றங்கரை ஓரம், இரண்டு நிமிடம் தாங்குவேன்." கேட்பவர் உடனே முடிவெடுக்க முடியும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் ஜெயிக்க முயலக் கூடாது. பின்வாங்கி, நெருங்கி நின்று, நேரத்தை இழுப்பது மட்டும்தான் வேலை. என் டீமில் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வோம்: இன்று யார் தாங்குகிறவர், யார் அடிக்கிறவர். தாங்குகிறவருடைய படையில் ஈட்டி அதிகம், அடிக்கிறவருடையதில் குதிரை அதிகம்.

கே: எதிராளி குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால்? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: ஏறாதீர்கள். 1415-ல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுக்காரர்கள் தாக்க வராமல் நின்றுகொண்டே இருந்தார்கள். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி, குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த கூர்க்கழிகளைப் பிடுங்கச் சொல்லி, வில்லெட்டும் தூரம் வரை முன்னேறி, அங்கே மறுபடி நட்டு, அம்பு விட ஆரம்பித்தார். வலித்ததும் அவர்கள் சேற்றில் இறங்கி வந்தார்கள். உங்களுக்கும் அதுதான் வழி. வில்லும் கவணும் அதிகமாக எடுங்கள், சாவகாசமாக அடியுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தால் இறங்கி வந்தே ஆக வேண்டும்.

கே: எனக்கு 58 வயது. வரலாறு பிடித்துத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தேன். இளைஞர்களின் விரல் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை)

ப: அம்மா, 'டோட்டல் வார்' வகைச் சண்டைகளுக்கு வாருங்கள், அங்கே உங்கள் பொறுமைக்கு மதிப்பு அதிகம். படையை அடுக்கும் நேரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். எந்த யூனிட் எந்த ஓரம், எது மரத்துக்குள், எது பின்னால் என்று அப்போதே தீர்மானித்து, மூன்றே குழுக்களாகக் கட்டிவிடுங்கள்: நடு, விலா, கையிருப்பு. கன்ட்ரோலோடு 1, 2, 3. சண்டை தொடங்கியபின் கேமராவை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி வாள் மோதுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், அதை ரீப்ளேயில் பாருங்கள், அங்கே அவசரமில்லை. மேலிருந்து கொடிகளை மட்டும் கவனியுங்கள். எதிராளி பத்து தடவை கிளிக் செய்யும் நேரத்தில் நீங்கள் ஒரு தடவை செய்தால் போதும், அது கொடி மின்னும் இடத்தில் இருந்தால்.

முதல் ஆட்டத்தின் ரீப்ளேயை எனக்கு அனுப்புங்கள். எதிராளி பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.