சிரங்கு மூணு பேருக்குத்தான், மருந்து ஏன் ஏழு பேருக்கு?

கேள்வி: டாக்டர், ஹாஸ்டல்ல படிக்கிற பையன் பொங்கல் லீவுக்கு வந்தப்ப விரல் இடுக்குல சின்னச் சின்ன கொப்புளத்தோட வந்தான். ஸ்கேபீஸ்னு சொல்லி க்ரீம் குடுத்தாங்க, அரிக்கிற எடத்துல போட்டான், கொறஞ்சுது. இப்ப ஒன்றரை மாசம் கழிச்சு எனக்கும் 3 வயசு பேரனுக்கும் ராத்திரியானா அரிப்பு தாங்கல, ஸ்டடி லீவுக்கு வந்திருக்குற பையனுக்கும் திரும்ப வந்துருச்சு. வீட்டுக்காரர், 74 வயசு மாமியார், ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு வந்திருக்குற பொண்ணு, இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. தெனமும் பெட்ஷீட்ட சுடுதண்ணில ஊறவெச்சு துவைச்சு கை ஓஞ்சு போச்சு. என்னதான் பண்றது?

பதில்: மொதல்ல தெனமும் துவைக்கிறத நிறுத்துங்கம்மா. ரெண்டு நாள் துவைச்சா போதும், எந்த ரெண்டு நாள்னு கீழ சொல்றேன். உங்க கேள்வியில எனக்கு உறுத்துனது வேற ஒரு வரி, "இவங்களுக்கு ஒண்ணும் இல்ல"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான்.

ஸ்கேபீஸ்னு அவங்க சொன்ன சிரங்கு ஒரு சின்ன பூச்சியால வர்றது. இந்த பூச்சி தோலுக்குள்ள சின்னதா வளை தோண்டி அதுக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு மூணு முட்டை வெச்சுகிட்டே போகும். அரிப்பு வர்றது பூச்சி கடிக்கிறதால இல்ல, அந்தப் பூச்சியும் அதோட கழிவும் நம்ம ஒடம்புக்கு ஒத்துக்காததால வர்ற அலர்ஜி. மொத தடவ வர்றவங்களுக்கு அந்த அலர்ஜி வெளிய தெரியவே நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதனாலதான் பொங்கலுக்கு வந்த பூச்சிக்கு நீங்க இப்ப சொறிஞ்சுகிட்டு இருக்கீங்க. அரிப்பே இல்லாத அந்த நாள்லயும் அது அடுத்தவங்களுக்கு பரவும், அப்ப உங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் "ஒண்ணும் இல்ல"னு எத வெச்சு சொல்றது? பையன் மட்டும் க்ரீம் போட்டு அவன் ஒடம்புல கொறஞ்சாலும் வீட்ல இன்னொருத்தர் மேல அது அமைதியா உக்காந்திருக்கும், திரும்ப அவனுக்கே வரும், ரெண்டாவது தடவ வந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே அரிக்க ஆரம்பிச்சுடும் ஏன்னா ஒடம்புக்கு ஏற்கனவே பழக்கம்.

அதனால வீட்ல இருக்குற எல்லாரும், அரிச்சாலும் அரிக்காட்டாலும், ஒரே ராத்திரி மருந்து போடணும். ஆளுக்கு ஒரு நாள்னு போட்டா அது கண்ணாமூச்சி ஆட்டம்தான். சனிக்கிழம ராத்திரி வெச்சுக்கோங்க, அடுத்த சனிக்கிழம ராத்திரி ரெண்டாவது தடவ, ஏன்னா மொத தடவ தப்பிச்ச முட்டைலேர்ந்து வர்றத அப்ப பிடிக்கணும். சனிக்கிழம சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, பொண்ண பாக்க மருமகன் வார கடைசில வந்து தங்குவாரு இல்லையா? நீங்க அவர கணக்குலயே சேக்கல. ஏழாவது ஆள் அவருதான். பேரன இடுப்புல தூக்கி வெச்சுக்குற வேலைக்கு வர்ற அக்கா இருந்தா அவங்களையும் சேத்துக்கோங்க.

மருந்துன்னு நான் சொல்றது பூச்சிய கொல்ற பெர்மெத்ரின் 5 சதவீதம் க்ரீம், பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 கிராம் ஆகும், ஒரு ட்யூப்ப வீடே பங்கு போட்டுக்கிட்டா வேலைக்கு ஆகாது. சுடுதண்ணில குளிச்ச ஒடனே போடாதீங்க, ஒடம்பு ஆறி காஞ்சிருக்கணும். கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு எடம் விடாம போடணும், அரிக்கிற எடத்துல மட்டும் போடுறதுதான் உங்க பையன் பண்ண தப்பு. பேரனுக்கு அரைஞாண் கயிறு இருந்தா அத தூக்கிட்டு அதுக்கு கீழ போடுங்க. மெட்டி, மோதிரம், வளையல் கழட்டிடுங்க. தொப்புளுக்குள்ள, அக்குள், மார்புக்கு கீழ, பின்பக்கம், பிறப்புறுப்பு, கால் விரல் இடுக்கு. நகத்த ஒட்ட வெட்டிட்டு நகத்துக்கு அடியிலயும் தேச்சு விடுங்க, சொறிஞ்ச நகத்துல பூச்சி இருக்கும். பேரனுக்கும் மாமியாருக்கும் முகம், தலை, காதுக்குப் பின்னாலயும் போடணும், கண்ணும் வாயும் மட்டும் விட்டுட்டு. ராத்திரி ஒன்பதுக்கு போட்டு காலைல ஏழுக்கு குளிச்சா சரி. நடுவுல பாத்ரூம் போயி கை கழுவுனா கைக்கு மட்டும் திரும்ப போடுங்க, இத முக்காவாசி பேரு மறந்துடுறாங்க, கைதான் பூச்சிக்கு ரொம்ப பிடிச்ச எடம். பேரன் விரல வாயில வைப்பான்னா கைக்கு சாக்ஸ் மாட்டி விட்டு தூங்க வெச்சிடுங்க.

பொண்ணுக்கு கர்ப்பத்துலயும் பெர்மெத்ரின் போடலாம், அவங்க பாக்குற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போடுங்க. ஆனா இதே பூச்சிய கொல்ற ஐவர்மெக்டின் மாத்திரைய யாராவது குடுத்தா கர்ப்பமா இருக்குறவங்களும் 15 கிலோவுக்கு கொறஞ்ச கொழந்தைங்களும் சாப்பிடக்கூடாது. மத்தவங்களுக்கும் எடைய பாத்து டாக்டர்தான் எழுதணும், மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்காதீங்க. அங்க குடுக்குற ஸ்டீராய்டு கலந்த ட்யூபும் வேணாம், ரெண்டு நாள் சுகமா இருக்கும், உள்ள பூச்சி பெருகிகிட்டே இருக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு போடுறதுக்கு நான் எதிரி இல்ல, ஆனா அத நம்பி க்ரீம விட்டுடாதீங்க.

இப்ப துணிக்கு வர்றேன். ரெண்டாம் உலகப்போர் சமயம் இங்கிலாந்துல ஷெஃபீல்டுல கென்னத் மெல்லன்பினு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர், சிரங்கு வந்தவங்க போட்டு கழட்டுன உள்ளாடையையும் படுத்த போர்வையையும் தன்னார்வலர்களுக்கு குடுத்து பாத்தாரு. துணி வழியா ஒட்டுனது ரொம்ப ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான், ஒடம்போட ஒடம்பு ஒட்டி படுத்தாத்தான் சுலபமா பரவுதுன்னு தெரிஞ்சுது. சாதாரணமா ஒருத்தர் ஒடம்புல மொத்தமே பத்து பதினஞ்சு பூச்சிதான் இருக்கும், ஒடம்ப விட்டு வெளிய வந்தா ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது. அதனால ரெண்டு ஞாயித்துக்கெழம காலைலயும், கடைசி மூணு நாள் உடுத்துன துணி, துண்டு, தலகாணி உறை, போர்வை, பேரன் தூங்குற தொட்டில் சேலை, இதுகள மட்டும் சுடுதண்ணில அலசி நல்ல வெயில்ல காயப்போடுங்க. துவைக்க முடியாத கம்பளி, பொம்மை எல்லாம் பெரிய கவர்ல போட்டு வாய கட்டி ஒரு வாரம் ஓரமா வெச்சிடுங்க. மெத்தைக்கு பூச்சி மருந்து அடிக்கிறாங்க சில பேரு, தயவுசெஞ்சு வேணாம். பூனை வளக்குறீங்கன்னா க்ரீம கழுவுற வரைக்கும் மடியில விடாதீங்க, பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

இன்னொண்ணு, மருந்து போட்ட மறுநாளே அரிப்பு நிக்காது. செத்த பூச்சியும் உள்ளதான இருக்கு, ரெண்டுலேர்ந்து நாலு வாரம் அரிக்கலாம். பயந்துபோய் தெனமும் க்ரீம் போட்டா தோல் எரிஞ்சு அதுவே அரிக்கும். தூங்க முடியலைன்னா டாக்டர்கிட்ட அரிப்புக்கு மாத்திரை கேளுங்க, தேங்கா எண்ணெய் தடவுங்க. நாலு வாரம் தாண்டியும் புதுசா கொப்புளம் வந்தாத்தான் திரும்ப பாக்கணும். ஆனா பேரனுக்கு சொறிஞ்ச எடத்துல சீழ் வெச்சா, இல்ல முகம் வீங்கி ஒண்ணுக்கு கருஞ்சிவப்பா போனா காத்திருக்காதீங்க, அந்த சீழ் கிருமியால கிட்னி பாதிக்கும், அன்னிக்கே தூக்கிட்டு போயிடுங்க. மாமியாருக்கு அரிப்பே இல்லாம கையில செதில் செதிலா தடிச்சு அப்பியிருந்தா அதையும் காட்டுங்க, அந்த வகையில பூச்சி ஆயிரக்கணக்குல இருக்கும், வீட்டுக்கே அதுதான் ஊற்றா இருக்கும். அதுக்கு வைத்தியமும் வேற.

இது அழுக்கா இருக்குறவங்களுக்கு வர்ற வியாதின்னு நெனச்சு பையன் ஹாஸ்டல்ல வாயே தொறந்திருக்க மாட்டான். தெனம் ரெண்டு வேளை குளிக்கிறவனுக்கும் வரும்னு சொல்லி, திரும்பி போறதுக்கு முன்னாடியே ரூம்மேட்ஸ்கிட்ட பேச சொல்லுங்க. அவங்க எல்லாரும் ஒரே ராத்திரி போட்டுக்கிட்டாத்தான் அடுத்த லீவுக்கு அவன் துணிப்பையோட மட்டும் வருவான்.