வாரண்ட் இல்லாமல் வந்து பைக்கை எடுத்துப் போய்விட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: தம்பி மீது அடிதடி வழக்கு. ராத்திரியில் போலீஸ் வந்து, வாரண்ட் இல்லாமலே வீட்டைச் சோதனை போட்டு, என் பெயரில் உள்ள பைக்கையும் என் செல்போனையும் எடுத்துப் போய்விட்டார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். இது செல்லுமா? 15,000 ரூபாய் கொடுத்தால் வண்டியை எடுத்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். ஸ்டேஷன் எதிரே டீக்கடையிலும் கோர்ட் மரத்தடியிலும் இப்படி ஒரு ‘தெரிந்தவர்’ எப்போதும் உட்கார்ந்திருப்பார். பணத்துக்கு ரசீது கிடையாது, வண்டியும் வராது. வழக்கில் எடுத்த பொருளை விடுவிக்க உத்தரவு போட வேண்டியவர் மாஜிஸ்திரேட்.

வாரண்ட் இல்லாத சோதனை எல்லாமே செல்லாது என்பது சினிமா பார்த்து வந்த நம்பிக்கை. அமெரிக்காவில் சோதனைக்கென்றே அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தம் உண்டு. நம்முடையதில் அப்படி ஒன்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே எம்.பி. சர்மா வழக்கில் சொல்லிவிட்டது. 2017-ல் புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவின்படி அடிப்படை உரிமை என்றது. சரி, ஆனால் உங்களுக்கு இப்போது கைகொடுக்கப்போவது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185-வது பிரிவுதான்.

வழக்குக்குத் தேவையான பொருள் அங்கே இருக்கிறது, வாரண்டுக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போலீஸ் நேரே வரலாம். ஆனால் அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறோம் என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். முன்பே! எல்லாம் முடிந்தபின் ஸ்டேஷன் ரைட்டர் உட்கார்ந்து எழுதினால் அதற்குப் பெயர் வேறு. அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போயாக வேண்டும். நீங்கள் மனுப் போட்டால் உங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் அபூர்வம், நீங்களாவது கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். அது எங்கே என்றும் கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்த வெள்ளைத் தாள்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் முன்னிலையில், எடுத்த பொருள்களைப் பட்டியலிட்டு மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதி, நகலை உங்களிடம் தந்திருக்க வேண்டும். வெற்றுத் தாளில் நாளை எதுவும் ஏறலாம். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி இன்றே கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சோதனையில் குறை இருப்பதால் தம்பி வழக்கே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறைகேடாக எடுத்த பொருளும் சாட்சியமாகலாம் என்பது பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-ல் தந்த தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை; என்னை யார் கேட்டார்கள்?

வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு, போனுக்கு வாங்கிய பில்லோடு, திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டிகளைச் சீக்கிரம் விடுவிக்கச் சொல்லி 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் ஸ்டேஷன் வளாகங்களில் வண்டிகள் கொடி படர்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன! போன் தடயவியல் ஆய்வுக்குப் போயிருந்தால் கொஞ்சம் தாமதமாகும்.

வண்டி கைக்கு வந்ததும் விற்றுவிடாதீர்கள், நிறத்தையும் மாற்றாதீர்கள். கோர்ட் கேட்கும்போது அப்படியே கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கும்.