தந்தையின் தனிமையும் மறதியும்: உங்கள் கேள்விக்கு

வணக்கம். அம்மா மறைந்த பிறகு 72 வயதுத் தந்தை வெளியே வருவதில்லை, பெயர்களை மறக்கிறார், நன்றி சொல்லத் தோன்றுபவற்றை எழுதிவைக்கும் நன்றிக் குறிப்பேடு மூளைக்கு நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவையும் மறதியாகத் தோன்றும், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. காதையும் சோதியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 மறதிநோய் (டிமென்ஷியா) காரணிகளில் கேட்புத்திறன் இழப்பும் சமூகத் தனிமையும் அடங்கும். பேச்சு சரியாகக் கேட்காதவர் மெல்ல மெல்ல ஆட்களையே தவிர்க்கத் தொடங்குவதால் ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

நன்றிக் குறிப்பு எழுதியவர்களின் மனநிறைவு கூடியதை உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; அதற்காக அது மறதிநோயைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றி இன்னொருவரைச் சென்று சேரும்போது உரையாடல் பிறக்கிறது. நினைவு, கவனம், மொழி மூன்றும் ஒருசேர வேலை செய்வது அங்கேதான். என் மாமனார் குறிப்பேட்டை இரண்டே நாளில் மூடிவைத்துவிட்டார். தமக்குத் தொழில் கற்றுத் தந்த மூத்தவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதச் சொன்னோம். அந்த மூத்தவர் தொலைபேசியில் அழைத்தபோது, நாற்காலி அருகிலிருந்தும் மாமனார் நாற்பது நிமிடம் நின்றபடியே பேசினார். உங்கள் தந்தை யாருக்கு அப்படி எழுத விரும்புவார் என்று இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.