ராக்கு நிறைய சரக்கு, கல்லாவில் காசில்லை: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் கீழக்கரை. 7 வருடம் துபாயில் சபராளி வாழ்க்கை. திரும்பி வந்து ராமநாதபுரம் டவுனில் பழைய வீடியோ கேம் கடை போட்டு 11 மாதம் ஆகிறது. பிஎஸ்4, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன்), நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் செட்டுகள், சிடி, கன்ட்ரோலர் எல்லாம் வாங்கி விற்கிறேன். பழசைக் கொடுத்து வேறு எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சும் உண்டு. கொண்டுவந்தது 7.5 லட்சம். கடை அட்வான்ஸ் 1 லட்சம், ராக்கு, ஏசி, டிவிக்கு 1.2 லட்சம், சரக்குக்கு 3.8 லட்சம் போக, 1.5 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். இப்போது மாதம் 1.3 லட்சத்துக்கு பில் போடுகிறேன். சரக்கு அடக்க விலையில் 5.1 லட்சம் இருக்கிறது, கையில் 12,500 ரூபாய்தான். சிடி கொண்டுவருபவர்களுக்கு விற்கும் விலையில் 60 சதவீதம் கிரெடிட் சீட்டாகவோ (அந்தத் தொகைக்கு என் கடையிலேயே வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம்) 50 சதவீதம் ரொக்கமாகவோ தருகிறேன். இன்னும் மாற்றாமல் வெளியே இருக்கும் சீட்டு 62,000 ரூபாய்க்கு. கோடை லீவுக்கு முன்னால் வீட்டு நகையை வைத்து 2 லட்சம் எடுத்துச் சரக்கு நிரப்பலாமா? பின்னறையில் 2 டிவி போட்டு மணிக்கணக்கில் விளையாட விடவும் யோசனை. மாதக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கடையில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. இருக்கிற சரக்கு காசாக மாறுவதில்தான் சிக்கல்.

நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பில் 1,30,000. அதில் 45,000 பழைய சீட்டைக் கொடுத்துக் கழித்தது. ஆக, கல்லாவுக்கு வந்த காசு 85,000. ரொக்கம் கொடுத்துப் பழசு வாங்கியது 38,000, புதுச் சாமான் 22,000, வாடகை 9,000, கரண்ட் 3,500, பையன் சம்பளம் 11,000. மொத்தம் 83,500. மிச்சம் 1,500. வீட்டுக்கு நீங்கள் எடுப்பது 14,000. மாதாமாதம் 12,500 துண்டு விழுகிறது. 11 மாதத்துக்கு 1,37,500. கையிருப்பு 1.5 லட்சம் கரைந்த வழி இதுதான்.

சரக்கு 1.3 லட்சம் ஏறியிருக்கிறதே என்பீர்கள். அதில் 62,000 ரூபாய்க்கு நீங்கள் இன்னும் காசே கொடுக்கவில்லை, சீட்டுதான் கொடுத்திருக்கிறீர்கள். சீட்டு என்பது கடன். நாளைக்கு அத்தனை பேரும் வந்து நின்றால் 62,000 ரூபாய் சரக்கு சும்மா வெளியே போகும். அதைக் கழித்தால் ஏறியது 68,000. வீட்டுக்கு எடுத்த 1,54,000-ஐயும் சேர்த்து, கையிருப்பில் கரைந்த 1,37,500-ஐக் கழித்துப் பார்த்தால், கடை உண்மையில் சம்பாதித்தது மாதம் 7,700 ரூபாய்க்குக் கிட்டத்தான் வருகிறது. அதுவும் அந்த 5.1 லட்சம் சரக்கு முழுவதும் போட்ட விலைக்காவது போகும் என்று வைத்துக்கொண்டால்.

எக்ஸ்சேஞ்ச் கடையின் சூட்சுமம் ஒரு சிடியைப் பின்தொடர்ந்து போனால் புரியும். 1,000 ரூபாய்க்கு விற்கும் சிடி ஒன்றை 600 ரூபாய் சீட்டுக்கு எடுக்கிறீர்கள். அந்தப் பையன் சீட்டோடு 400 ரூபாய் ரொக்கம் வைத்து ராக்கிலிருக்கும் இன்னொரு 1,000 ரூபாய் சிடியை எடுத்துப் போகிறான். பில் 1,000, கல்லாவில் விழுந்தது 400. அவன் கொடுத்த சிடியை அடுத்தவன் வாங்கும்போதும் அதே கதை. ஒவ்வொரு சுற்றுக்கும் 400. சிடி 30 நாளில் போனால் அந்த இடம் உங்களுக்கு மாதம் 400 தருகிறது. 120 நாள் கிடந்தால் மாதம் 100. அதற்குள் விலையும் இறங்கிவிடும். ஆகவே விற்கும் விலையை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே 60 சதவீதம் என்று வைத்ததுதான் தப்பு. எத்தனை நாளில் போகும் என்பதற்குத்தான் விலை போட வேண்டும்.

30 நாளுக்குள் ஓடுகிற சிடிக்கு 50 சதவீதம் சீட்டு, 40 சதவீதம் ரொக்கம். 30 முதல் 90 நாள் பிடிப்பதற்கு 35-ம் 25-ம். ராக்கில் ஏற்கெனவே 3 பிரதி இருந்தால் 20 சதவீதம் சீட்டு மட்டும், ரொக்கம் கிடையாது. வருடா வருடம் புதுசு வரும் கால்பந்து, மல்யுத்தம், கார் பந்தய வகையறாவைத் தனியாக வையுங்கள். கால்பந்து புதுப் பதிப்பு செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். ஜூலையிலிருந்தே நடப்புப் பதிப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் பேசாதீர்கள். போன வருடப் பதிப்பை ஓசியில் கொடுத்தாலும் இடத்தைத்தான் அடைக்கும்.

சீட்டு எதற்குச் செல்லும் என்பதும் முக்கியம். பழைய சிடிக்கு 600 ரூபாய் சீட்டு போனால் உங்களுக்கு அடக்கம் 360 அளவுதான். அதே சீட்டைப் புதுக் கன்ட்ரோலருக்குக் கழித்தால், புதுச் சாமானில் உங்களுக்கு நிற்பது 8 சதவீதம் என்பதால், 552 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. இனிமேல் தரும் சீட்டில் 'பழைய சரக்குக்கு மட்டும், பில் தொகையில் பாதி வரை, 6 மாதம் செல்லும்' என்று அச்சடித்து, நம்பர் போட்டுத் தனி நோட்டில் ஏற்றுங்கள். ஏற்கெனவே கொடுத்த 62,000-க்கு இந்த விதியை மாட்டாதீர்கள். சின்ன ஊர், சீட்டு செல்லாது என்று ஒருவன் சொன்னால் ஒரே வாரத்தில் கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை தெரிந்துவிடும். பதிலாக, 120 நாளுக்கு மேல் கிடக்கும் சரக்கை ஒரு ராக்கில் ஒதுக்கி, 'இந்த ராக்குக்குச் சீட்டு முழுத் தொகைக்கும் செல்லும்' என்று எழுதி வையுங்கள். கடனும் குறையும், படுத்த சரக்கும் எழும்.

எது 120 நாள் சரக்கு என்று தெரிய, ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் வந்த தேதியும் வாங்கிய விலையும் ஸ்டிக்கரில் பென்சிலால் இருக்க வேண்டும். 60 நாளில் 15 சதவீதம் குறையுங்கள். 120 நாளில் அடக்க விலை. 180 நாளைத் தாண்டியதைச் செட்டோடு சேர்த்து இனாமாகத் தள்ளிவிடலாம், அல்லது லாட்டாக மதுரைக்கு அனுப்பிவிடலாம்.

இனி வாங்கும் மேசை. இந்தத் தொழிலில் லாபமும் நட்டமும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. பிஎஸ்4, பிஎஸ்5 சிடிகள் ப்ளூ-ரே வகை. தகவல் பதிந்த அடுக்கு அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதனால் பிஎஸ்2 காலத்து டிவிடியைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுக் காப்பாற்றியதுபோல் இதைக் காப்பாற்ற முடியாது. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் அரபி அட்டை சிடி நம் செட்டில் ஓடும். ஆனால் அந்த கேமுக்குக் காசு கட்டி வாங்கும் கூடுதல் பகுதிகள் இந்தியக் கணக்கில் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். இதைச் சொல்லியே விற்க வேண்டும், அதற்கேற்பக் குறைத்தே வாங்க வேண்டும்.

செட் என்றால் உப்புக் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் கடலோர வீட்டில் ஜன்னலோரம் இருந்த செட், வெளியே துடைத்துக் கொண்டுவந்தால் புதுசுபோல் இருக்கும். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி வாய்களுக்குள் டார்ச் அடியுங்கள். உலோக ஓரத்தில் செம்பழுப்புத் துருவோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால், அதே உப்பு உள்ளே போர்டிலும் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கத் திருகுகளின் தலையும் சாட்சி சொல்லும். பிறகு ஒரு கேமை 40 நிமிடம் ஓட விடுங்கள். விசிறி இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் தூசியோ, காய்ந்த வெப்பப் பசையோ காரணம். அது பிஎஸ்4-இல் சின்ன வேலை. பிஎஸ்5-இல் சிப்பின் மேல் திரவ உலோகம் இருப்பதால், பழக்கமில்லாத கை திறந்தால் செட்டே போய்விடும். சிடியை 3 தடவை போட்டு எடுங்கள், எச்டிஎம்ஐ ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள், கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமல் விட்டுத் திரையில் எதுவும் தானாக நகர்கிறதா பாருங்கள். கடைசியில், இணையத்தில் இணைத்து லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, விற்பவர் முன்னாலேயே அவர் கணக்கை எடுக்கச் சொல்லி முழுசாக அழித்துவிடுங்கள். கம்பெனி இணையத்தில் தடை செய்த செட் இந்த லாகினில்தான் மாட்டும். சிடி போடும் வசதி இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் செட்டை இன்னும் இறக்கி வாங்குங்கள். அதை வாங்கிப் போகிறவர் உங்களிடம் சிடி வாங்க வருவது அபூர்வம்.

விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். 18 வயது ஆகாதவரோடு போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அண்ணனின் செட்டைத் தூக்கிக்கொண்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் வாங்கினால், சாயங்காலம் அத்தாவோ மாமாவோ கடை வாசலில் நிற்பார். பெரியவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், செட்டின் சீரியல் நம்பர் மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். சீல் உடைக்காத பெட்டிகள் ஐந்தாறாக வந்தால், ஊருக்கு வந்த சபராளி கொடுத்ததுதான் என்றாலும் தொடாதீர்கள். பயணச் சாமான் சலுகை சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கு அல்ல.

கோடைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் லீவு சீசன் அதற்குள்ளேதான் விழுகிறது. கடற்கரை ஊர்களில் கை வறண்டிருக்கும் நேரம். அங்கிருந்து வருகிறவர்கள் வாங்குவதைவிட விற்கத்தான் வருவார்கள். அப்போது தேடி வரும் செட்டுக்குக் கொடுக்க ரொக்கம் வேண்டுமே தவிர, ஏப்ரலிலேயே நிரம்பி வழியும் ராக்கு வேண்டாம். 2 லட்சத்துக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 2,000. கடை சம்பாதிக்கும் 7,700-இல் கால்வாசி அதற்கே போய்விடும். அந்த ரொக்கத்தைப் பழைய ராக்கைக் காலி செய்தே திரட்டுங்கள். வீட்டுக்கு எடுப்பதையும் அதுவரை 8,000-க்குள் நிறுத்துங்கள்.

பின்னறை டிவி யோசனையை இப்போதைக்கு விடுங்கள். பிளேஸ்டேஷன் மென்பொருள் உரிமமே சொந்த உபயோகத்துக்குத்தான். அதோடு, பொருள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவுக்கு வரம்பு 40 லட்சம். மணிக்குக் காசு வாங்குவது சேவை, அது சேர்ந்தால் வரம்பு 20 லட்சம். உங்கள் விற்பனை இப்போதே வருடம் 15.6 லட்சம். வேறு மாநிலத்துக்குக் கூரியரில் சிடி விற்றால் வரம்பே இல்லாமல் பதிவு கட்டாயம். பதிவு செய்யும் நாள் வந்தால் பழைய பொருளுக்கான மார்ஜின் முறையைக் கேட்டு வாங்குங்கள். 1,500-க்கு வாங்கி 2,200-க்கு விற்றால் வரி அந்த 700-க்கு மட்டும். அந்தப் பொருளை வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்து எடுத்திருக்கக் கூடாது. ஒரு பொருளில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அதற்காகவே எக்ஸ்சேஞ்சில் 'மீதி 400' என்று மட்டும் ஒருபோதும் பில் போடாதீர்கள். விற்றது 1,000 என்று ஒரு பில், வாங்கியது 600 என்று ஒரு வவுச்சர்.

நகையைத் தொடலாம் என்று சொல்லக்கூடிய நிலை ஒன்றுதான்: சோதித்துப் பார்த்த செட்டுகள் லாட்டாக வருகின்றன, அதில் பாதிக்காவது வாங்குபவர் முன்பணம் கட்டிவிட்டார், 45 நாளில் நகையைத் திருப்பிவிடலாம். அப்படி வந்தாலும் 50,000-க்கு மேல் வேண்டாம்.